கேல்தாக்ட் ஆணையமும் அதன் தேர்தலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

அயர்லாந்தின் கால்வே நகரத்திலிருந்து கடலை ஒட்டி மேற்கே போனால் ஒரு கட்டத்தில் சாலைப் பலகைகளில் ஆங்கிலம் நின்றுபோகும். அதற்கப்புறம் ஊர்ப் பெயர்கள் ஐரிஷில் மட்டும்தான். முதல் முறை கூட வரும் நண்பர்கள் எல்லோரும் அந்த இடத்தில்தான் கேட்கத் தொடங்குவார்கள். ஊரிலிருந்து போனில் பேசுகிறவர்களும் சுற்றிச் சுற்றி அதே சந்தேகங்களைத்தான் கேட்கிறார்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகச் சொல்லி வந்ததை இங்கே ஒன்றாகத் தொகுத்திருக்கிறேன். கேள்விகளைக் கேட்டவர்களின் வார்த்தைகளிலேயே விட்டிருக்கிறேன்.

முதல்ல இந்த கேல்தாக்ட்னா என்ன? அது ஒரு மாவட்டமா, மாநிலமா?

இரண்டும் இல்லை. ஐரிஷ் மொழி அன்றாடப் பேச்சாக நிலைத்திருக்கும் பகுதிகள் என்று அயர்லாந்து அரசு சட்டப்படி வரையறுத்த இடங்களுக்குக் கேல்தாக்ட் என்று பெயர். 1926-இல் ஒரு அரசுக் குழு முதல் வரைபடத்தைத் தந்தது. 1956-இல் எல்லைகள் சுருக்கி வரையப்பட்டன. அதன் பிறகு சில இடங்கள் சேர்க்கப்பட்டன.

இந்தப் பகுதிகள் ஒரே துண்டாக இல்லை என்பதைத்தான் முதலில் மனதில் வைத்துக்கொள்ள வேண்டும். வடமேற்கில் டோனிகல், மேற்கில் மேயோவும் கால்வேயும், தென்மேற்கில் கெர்ரியும் கார்க்கும், தெற்கே வாட்டர்ஃபோர்டில் ஒரு சின்னக் கடற்கரைப் பகுதி, கிழக்கே மீத் என்று ஏழு கவுன்டிகளில், அதாவது மாவட்டங்களில், சிதறிக் கிடக்கின்றன. டோனிகல்காரர் கெர்ரிக்குப் போக நாட்டின் ஒரு முனையிலிருந்து மறுமுனைக்குப் பயணம் செய்ய வேண்டும். பேச்சு வழக்கும் மாறும். இவர்கள் எல்லோருக்கும் பொதுவாக ஒரே நிர்வாக அமைப்பு இருப்பதே பெரிய விஷயம்.

மீத் கவுன்டி டப்ளின் பக்கத்துல இருக்கே, அங்க எப்படி ஐரிஷ் பேசுறவங்க?

நல்ல கேள்வி, இதன் பின்னால் ஒரு கதை இருக்கிறது. 1935-இல் அரசின் நில ஆணையம், கால்வே கவுன்டியின் மேற்கே உள்ள கோனமாராவிலிருந்து 27 குடும்பங்களை அழைத்து வந்து, மீத் கவுன்டியின் ராத்கார்ன் பகுதியில் நிலம் கொடுத்துக் குடியேற்றியது. கோனமாராவில் பாறைக்கு நடுவே கையகல மண்ணில் உருளைக்கிழங்கு போட்டவர்களுக்கு இங்கே நல்ல வயல் கிடைத்தது. அவர்கள் தங்கள் பேச்சையும் கூடவே கொண்டு வந்தார்கள். ஆனால் அந்த ஊரைக் கேல்தாக்ட் என்று அரசு ஏற்றுக்கொள்ள 1967 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. குடியேறியபோது கைக்குழந்தையாக இருந்தவருக்கு அதற்குள் 32 வயது ஆகியிருக்கும்.

சரி, இந்தப் பகுதிகளுக்கான ஆணையத்தோட பேர் என்ன? அது என்ன வேலை செய்யுது?

பெயர் ஊதராஸ் ந கேல்தாக்தா. 'ஊதராஸ்' என்றால் ஐரிஷில் அதிகாரம், அதிகார அமைப்பு. எல்லோரும் சுருக்கமாக ஊதராஸ் என்றே சொல்வார்கள், நானும் அப்படியே சொல்கிறேன். 1979-இல் இதற்குச் சட்டம் வந்தது, 1980 ஜனவரி 1 முதல் செயல்படுகிறது. தலைமை அலுவலகம் கால்வேக்கு மேற்கே ந ஃபோர்பகா என்ற ஊரில் இருக்கிறது. எதிரே வளைகுடா, அதற்கு அப்பால் கிளேர் கவுன்டியின் சாம்பல் நிறக் குன்றுகள். டோனிகல், மேயோ, கெர்ரி, கார்க் பகுதிகளில் வட்டார அலுவலகங்கள் உண்டு.

தொழில் தொடங்குகிறவர்களுக்கு மானியம் தருவது, தொழிற்கூடங்கள் கட்டி வாடகைக்கு விடுவது, இளைஞர்களுக்குப் பயிற்சி, ஊர்க் கூட்டுறவுச் சங்கங்களுக்கு உதவி, ஐரிஷ் வழிப் பாலர் வகுப்புகளுக்கு ஆதரவு, இவற்றோடு மொழித் திட்டமிடல் ஆகியவை அதன் வேலைகள். நாட்டின் மற்ற இடங்களில் பல நிறுவனங்கள் பிரித்துப் பார்க்கும் வேலைகள் இங்கே ஒரே கூரையின் கீழ் நடக்கின்றன.

ஒரு மொழியைக் காப்பாத்த ஃபாக்டரி எதுக்குங்க? புத்தகம் போடலாம், பள்ளிக்கூடம் நடத்தலாம்...

இதைத்தான் அதிகம் பேர் கேட்கிறார்கள். பள்ளிக்கூடம் இருந்தது. ஐரிஷ் அரசியலமைப்புச் சட்டத்தின்படி முதல் ஆட்சிமொழி, எல்லாக் குழந்தைகளும் அதைப் படிக்கிறார்கள். ஆனாலும் கேல்தாக்ட் வீடுகள் காலியாகிக்கொண்டே போயின. பிள்ளைகள் பதினேழு பதினெட்டு வயதில் பாஸ்டனுக்கும் லண்டனுக்கும் கப்பல் ஏறினார்கள். மொழி பேசும் வாயே ஊரைவிட்டுப் போய்விட்டால் புத்தகம் யாருக்கு?

அதனால்தான் அரசு 1950-களின் கடைசியில் கேல்தாரா ஏரன் என்ற நிறுவனத்தைத் தொடங்கியது. ட்வீட் துணி நெசவு, பின்னலாடை, பொம்மை செய்வது போன்ற தொழில்களை அது நடத்தியது. ஊதராஸ் அதன் வாரிசு. வேலை உள்ளூரில் இருந்தால் ஆள் உள்ளூரில் இருப்பார், அவர் பிள்ளையோடு ஐரிஷில் பேசுவார் என்பது கணக்கு. இதில் ஒரு ஓட்டையும் உண்டு. வெளியூர் நிறுவனம் ஒன்று வந்து ஆலை போட்டால், மேலாளர் ஆங்கிலத்தில் பேசுவார், தளம் முழுக்க ஆங்கிலம் ஆகிவிடும். வேலை வந்து பேச்சு போன இடங்களும் இருக்கின்றன. எந்தத் தொழிலுக்குக் காசு கொடுப்பது என்ற முடிவு அதனாலேயே மொழி முடிவாகவும் ஆகிவிடுகிறது. அந்த முடிவை எடுப்பவர் யார் என்பதில் எனக்கு இவ்வளவு அக்கறை வரக் காரணம் இதுதான்.

இது அரசாங்கம் தானா மனசு வந்து கொடுத்ததா?

ஓரளவுக்குத்தான். 1969-இல் கோனமாராவில் கேல்தாக்ட் மக்கள் உரிமை இயக்கம் தொடங்கியது. அந்த ஆண்டுப் பொதுத் தேர்தலில் மேற்கு கால்வே தொகுதியில் ஒரு வேட்பாளரையும் நிறுத்தினார்கள். அவர்கள் கேட்டவை மூன்று. ஐரிஷில் வானொலி, ஐரிஷில் தொலைக்காட்சி, கேல்தாக்ட் மக்கள் தாங்களே தேர்ந்தெடுக்கும் ஒரு நிர்வாக அமைப்பு.

1970 ஈஸ்டர் சமயத்தில் ரோஸ் மக் என்ற ஊரில், அனுமதி இல்லாமலே ஒரு கேரவன் வண்டிக்குள்ளிருந்து வானொலி ஒலிபரப்பினார்கள். சட்டப்படி அது குற்றம். இரண்டே ஆண்டில், 1972 ஏப்ரலில், அரசே ராதியோ ந கேல்தாக்தாவைத் தொடங்கியது. தொலைக்காட்சி 1996 வரை தாமதித்தது. தேர்ந்தெடுக்கப்பட்ட அமைப்பு என்ற மூன்றாவது கோரிக்கைக்குக் கிடைத்த விடைதான் 1979-இன் சட்டம். கேட்டதில் பாதிதான் கிடைத்தது, அதை அடுத்த பதிலில் சொல்கிறேன்.

இயக்கத்துக்கு முன்பே சில ஊர்கள் தாங்களாகக் கூட்டுறவுச் சங்கம் அமைத்துக் குடிநீர், மின்சாரம், சுற்றுலா என்று வேலை பார்க்கத் தொடங்கியிருந்தன. கெர்ரியின் கார்கா குவினே கூட்டுறவு 1967-இல் தொடங்கியது. எங்கள் ஊரை நடத்த எங்களுக்குத் தெரியும் என்ற நம்பிக்கை அங்கிருந்து வந்தது.

அப்போ இது நகராட்சி மாதிரியா?

இல்லை. வரி விதிக்க முடியாது. வீடு கட்ட அனுமதி தர முடியாது, சாலை போட முடியாது, பள்ளிக்கூடம் நடத்த முடியாது. அவையெல்லாம் கவுன்டி கவுன்சில் அல்லது மத்திய அரசின் கையில். ஊதராஸுக்குப் பணம் டப்ளினிலிருந்து ஆண்டுதோறும் ஒதுக்கீடாக வருகிறது. 2008-க்குப் பிந்தைய பொருளாதாரச் சரிவில் அந்த ஒதுக்கீடு, முக்கியமாகத் தொழில் முதலீட்டுப் பணம், கடுமையாக வெட்டப்பட்டது.

இயக்கம் கேட்டது உண்மையான உள்ளாட்சி. கிடைத்தது, தேர்தல் உள்ள ஒரு வளர்ச்சி நிறுவனம். இன்றும் கோனமாராவில் ஒரு இளம் தம்பதிக்குச் சொந்த ஊரில் வீடு கட்ட அனுமதி கிடைக்கவில்லை என்றால் ஊதராஸ் வாரியம் அதில் நேரடியாக எதுவும் செய்ய முடியாது. வேலை கிடைத்தும் வீடு கிடைக்காமல் கால்வே நகரத்துக்குக் குடிபோகிறவர்கள் கதை இங்கே தினமும் கேட்கும் கதை.

வாரியத்துல யார் யார் இருப்பாங்க? எத்தனை பேர்?

மூன்று காலகட்டங்களாகப் பார்த்தால் எளிது. தொடக்கத்தில் 13 பேர். அவர்களில் 7 பேரை மக்கள் தேர்ந்தெடுத்தார்கள், 6 பேரை அமைச்சர் நியமித்தார். அதாவது மக்கள் பக்கம் ஒரே ஒரு ஆள் பெரும்பான்மை. 7 இடங்களை இவ்வளவு சிதறிய பகுதிகளுக்குப் பங்கிட வேண்டியிருந்ததால் சின்னக் கேல்தாக்ட்கள் பெரிய தொகுதிக்குள் கரைந்துபோயின.

1999-இன் திருத்தச் சட்டம் இதை மாற்றியது. வாரியம் 20 பேராக வளர்ந்தது. 17 பேர் மக்களால் தேர்ந்தெடுக்கப்பட்டவர்கள், 3 பேர் மட்டுமே நியமனம். அதிக இடங்கள் கால்வேக்கு, ஐரிஷ் பேசுவோர் அங்கேதான் அதிகம்.

மூன்றாவது, 2012-இன் கேல்தாக்ட் சட்டம். வாரியம் 12 பேராகச் சுருங்கியது. தலைவர் உட்பட 7 பேரை அமைச்சர் நியமிப்பார். மீதி 5 பேரைக் கவுன்டி கவுன்சில்கள் அனுப்பும். டோனிகல், மேயோ, கால்வே, கெர்ரி கவுன்சில்களுக்கு ஆளுக்கு ஒருவர். கார்க், வாட்டர்ஃபோர்டு, மீத் மூன்றுக்கும் சேர்த்து ஒரே இடம், அதை முறை வைத்துப் பகிர வேண்டும். மக்கள் வாக்களித்து வரும் இடம் ஒன்றுகூட இல்லை.

தேர்தல் எத்தனை தடவை நடந்துச்சு?

ஆறு முறை. முதல் தேர்தல் 1979 டிசம்பரில், கடைசி 2005 ஏப்ரலில். அடுத்தது 2010-இல் நடந்திருக்க வேண்டும். அந்த ஆண்டே ஒரு சட்டம் போட்டுத் தள்ளிவைத்தார்கள், இரண்டு ஆண்டு கழித்து இல்லாமலே ஆக்கினார்கள்.

யாருக்கு ஓட்டு? ஐரிஷ் தெரியாதவங்களும் போடலாமா?

போடலாம். தேர்தல் நடந்த காலத்தில் கேல்தாக்ட் எல்லைக்குள் வாக்காளர் பட்டியலில் பெயர் இருந்தாலே போதுமாக இருந்தது. மொழித் தேர்வு எதுவும் கிடையாது. எல்லைக்கு இந்தப் பக்கம் வீடு இருந்தால் வாக்கு உண்டு. அந்தப் பக்கம் நூறு மீட்டர் தள்ளி, ஐரிஷைத் தவிர வேறு பேசாத குடும்பமாகவே இருந்தாலும் வாக்கு இல்லை.

இது சரியா என்று கேட்டால், வேறு வழி இல்லை என்றே நினைக்கிறேன். வாக்குச்சாவடி வாசலில் யாருடைய பேச்சை யார் சோதிப்பது? ஆனால் இதிலிருந்து ஒரு சிக்கலும் கிளம்புகிறது. அதைக் கடைசிக் கேள்வியில் எடுத்துக்கொள்கிறேன்.

ஓட்டு எப்படிப் போடுவாங்க? நம்ம ஊர் மாதிரி ஒருத்தருக்கு மட்டும்தானா?

அயர்லாந்தின் எல்லாத் தேர்தல்களிலும் உள்ள முறைதான், மாற்றத்தக்க ஒற்றை வாக்கு. வாக்குச்சீட்டில் எல்லா வேட்பாளர் பெயரும் இருக்கும். முதலில் யார், அடுத்து யார் என்று பென்சிலால் 1, 2, 3 என்று எழுதிக்கொண்டே போகலாம். தமிழ்நாட்டு வாசகர்களுக்கு இது புதிதில்லை. மாநிலங்களவைத் தேர்தலில் ஒரு உறுப்பினருக்கு 34 எம்.எல்.ஏ.க்கள் தேவை என்று செய்தியில் சொல்வார்களே, அது இதே கணக்கு. 234 பேர், 6 இடங்கள் என்றால் 234-ஐ 7-ஆல் வகுத்து, பின்னத்தை விட்டுவிட்டு ஒன்று கூட்டினால் 34. இலங்கை வாசகர்களுக்கு ஜனாதிபதித் தேர்தலின் விருப்பு வாக்கு நினைவுக்கு வரும்.

ஒரு தொகுதியில் 3 இடங்கள், செல்லுபடியான 1,000 வாக்குகள் என்று வைத்துக்கொள்வோம். 1,000-ஐ 4-ஆல் வகுத்து ஒன்று கூட்டினால் 251. அதைத் தொட்டவர் வென்றார். அவருக்கு 300 வந்திருந்தால் மிகுதி 49 வாக்குகள் வீணாகாமல் இரண்டாம் விருப்பத்தின்படி மற்றவர்களுக்குப் போகும். யாரும் தொடவில்லை என்றால் கடைசியில் இருப்பவரை விலக்கி, அவருடைய சீட்டுகளை அடுத்த விருப்பத்துக்கு மாற்றுவார்கள். இதையெல்லாம் கையாலேயே எண்ணுகிறார்கள். எண்ணும் மேசைகளுக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். கட்சிக்காரர்கள் அதில் சாய்ந்து நின்று, சீட்டு விரியும்போதே எட்டிப் பார்த்துக் கையிலிருக்கும் தாளில் கோடு போட்டுக்கொண்டே இருப்பார்கள். அதிகாரபூர்வ முடிவு வருவதற்குப் பல மணி நேரம் முன்பே எந்த ஊர் யார் பக்கம் என்று அவர்களுக்குத் தெரிந்துவிடும்.

இந்த முறையால் கேல்தாக்டுக்கு ஒரு நன்மை உண்டு. தன் ஊர்க்காரருக்கு முதல் வாக்கு, பக்கத்துத் தீவின் நல்ல ஆளுக்கு இரண்டாவது என்று போடலாம். முதல் விருப்பம் பெற்றவர் தோற்றாலும் வாக்கு செத்துப்போகாது.

கட்சிகள் உள்ள வந்து கெடுத்துடலையா?

வந்தன. ஃபியனா ஃபாயில், ஃபினே கேல் போன்ற பெரிய கட்சிகள் வேட்பாளர்களை நிறுத்தின. கவுன்டி கவுன்சில் தேர்தலுக்கு ஒரு ஒத்திகை போல இதைப் பயன்படுத்துகிறார்கள், மானியம் வாங்கித் தருவதாகப் பெயர் எடுக்கப் பார்க்கிறார்கள் என்ற குற்றச்சாட்டு கடைசிவரை இருந்தது. அதில் உண்மை இல்லை என்று சொல்ல மாட்டேன். சுயேச்சைகளும் நின்றார்கள், மொழி ஆர்வலர்களும் நின்றார்கள், ஆனால் வீடு வீடாகப் போக ஆள்பலம் கட்சிகளிடம்தான் இருந்தது.

ஆனால் தேர்தலை நிறுத்தியதால் கட்சி வெளியே போய்விட்டதா என்றும் கேட்க வேண்டும். அமைச்சர் நியமிக்கிறார், அமைச்சர் ஒரு கட்சிக்காரர். கவுன்சில் அனுப்புகிறது, கவுன்சிலர்கள் கட்சிக்காரர்கள். முன்பு கட்சி, வாக்காளர் வாசலுக்கு வந்து கேட்டது. அந்த வாசல்தான் அடைபட்டது.

ஏன் தேர்தலை நிறுத்தினாங்க?

நாடு கடனில் மூழ்கியிருந்த நேரம். 2009-இல் அரசுச் செலவைக் குறைக்க வழி சொன்ன ஒரு அறிக்கை, ஊதராஸின் தொழில் வளர்ச்சிப் பணிகளையே பிடுங்கி நாடு தழுவிய என்டர்பிரைஸ் அயர்லாந்து நிறுவனத்திடம் கொடுக்கச் சொன்னது. அது நடந்திருந்தால், மூன்றாவது பதிலில் சொன்ன ஒரே கூரை இடிந்திருக்கும். நல்லவேளையாக 2011-இல் அரசு அந்தப் பணிகளை ஊதராஸிடமே விட்டது. ஆனால் வாரியத்தைச் சுருக்குவது, தேர்தலை எடுப்பது என்று முடிவு செய்தது. செலவு மிச்சம், சின்ன வாரியம் வேகமாக முடிவெடுக்கும் என்பவை சொல்லப்பட்ட காரணங்கள்.

2012 ஜூலையில் மசோதா நாடாளுமன்றத்துக்கு வந்தபோது, விவாதிக்க நேரம் தரவில்லை, திருத்தங்களைக் கேட்கவில்லை என்று எதிர்க்கட்சிகள் எழுந்து வெளியேறின. மசோதா நிறைவேறியது. எனக்கு அந்தச் செலவுக் காரணம் அன்றும் ஏற்கும்படி இல்லை, இன்றும் இல்லை. ஐந்து ஆண்டுக்கு ஒருமுறை வரும் செலவு அது. உள்ளாட்சித் தேர்தல் நாளிலேயே சேர்த்து நடத்தினால் இன்னும் குறையும். மூன்று கோரிக்கைகளில் மூன்றாவதை, அதுவும் பாதியாகக் கிடைத்ததை, முதலில் எடுத்துக்கொண்டார்கள்.

கவுன்சில்ல இருந்து வர்றவரும் மக்கள் ஓட்டுல ஜெயிச்சவர்தானே? அப்புறம் என்ன குறை?

வாதம் நியாயமாகத் தெரியும். எண்ணிப் பார்த்தால் மாறும். கவுன்டி முழுக்கக் கேல்தாக்ட் இல்லை. கார்க், மீத் போன்ற பெரிய கவுன்டிகளில் கேல்தாக்ட் ஒரு சின்ன மூலை. கவுன்சிலில் யாரை அனுப்புவது என்று வாக்களிக்கும் உறுப்பினர்களில் பெரும்பாலானோர் கேல்தாக்டுக்கு வெளியே வென்றவர்கள். ஊதராஸ் எப்படி நடக்கிறது என்பதை வைத்து அவர்களைத் தோற்கடிக்க எந்தக் கேல்தாக்ட் வாக்காளராலும் முடியாது.

அப்புறம் அந்த ஐந்தாவது இடம். கார்க்கின் மஸ்கிரி, வாட்டர்ஃபோர்டின் ரிங், மீத்தின் ராத்கார்ன் ஆகியவற்றில் ஒன்றின் முறை வரும்போது மற்ற இரண்டுக்கும் வாரியத்தில் தன் கவுன்டியிலிருந்து வந்த பிரதிநிதி இல்லை. சின்ன சமூகங்கள்தான் முதலில் மொழியை இழக்கும் அபாயத்தில் இருக்கின்றன. அவர்களையே வரிசையில் நிறுத்தியது எனக்கு மிகவும் வருத்தம்.

தேர்தல் இல்லாததால நடைமுறையில என்ன வித்தியாசம் வந்துச்சு? ஒரு உதாரணம் சொல்லுங்க.

கடற்பாசி. கோனமாராக் கரையில் பாறைகளை மூடி வளரும் முடிச்சுப் பாசியை மக்கள் தலைமுறை தலைமுறையாக அறுத்து விற்கிறார்கள். கடல் வற்றும்போது முழங்கால் தண்ணீரில் குனிந்து அரிவாளால் அறுப்பார்கள். அறுத்ததைக் கயிறு போட்டுப் பெரிய உருண்டையாகக் கட்டுவார்கள், அதற்கு ஐரிஷில் கிளிமீன் என்று பெயர். தண்ணீர் ஏறும்போது அது மிதக்கும், படகில் கட்டிக் கரைக்கு இழுத்து வருவார்கள். எந்தக் குடும்பம் எந்தக் கரையில் அறுக்கலாம் என்பது எழுதாத வழக்கமாகவே ஊருக்குத் தெரியும்.

இந்தப் பாசியை வாங்கிப் பதப்படுத்தும் அராமாரா என்ற நிறுவனம் 1947 முதல் கில்கீரனில் இருக்கிறது. அது ஊதராஸின் சொத்தாக இருந்தது. 2014-இல் ஊதராஸ் அதை அகாடியன் சீபிளான்ட்ஸ் என்ற கனடா நிறுவனத்துக்கு விற்றது. முதலீடு வரும், வேலை பெருகும் என்றார்கள். பாசி அறுப்பவர்களின் பயம் வேறு. தங்கள் கரை உரிமை என்ன ஆகும், இனி விலையை யார் முடிவு செய்வார்கள்? விற்பனை விவரங்கள் வணிக ரகசியம் என்ற பேரில் வெளியே வரவில்லை என்ற புகாரும் சேர்ந்துகொண்டது.

தேர்ந்தெடுக்கப்பட்ட வாரியம் இருந்திருந்தால் விற்றிருக்காது என்று நான் சொல்லவில்லை. விற்றிருக்கலாம். ஆனால் கில்கீரனில் வாக்குக் கேட்டு வந்த ஒருவர், அதே அரிவாள்காரரின் வீட்டுக்கு அடுத்த முறையும் வர வேண்டியிருந்திருக்கும். ஏன் கையெழுத்துப் போட்டாய் என்று அவர் வாசலில் வைத்தே கேட்டிருப்பார்.

தேர்தல் இருந்த காலத்துல மட்டும் மொழி வளர்ந்துச்சா என்ன?

இல்லை, இதை மறைப்பதில் பயன் இல்லை. தேர்தல் நடந்த 26 ஆண்டுகளிலும் அன்றாடப் பேச்சு சுருங்கிக்கொண்டுதான் இருந்தது. பிறகும் சுருங்குகிறது. பள்ளிக்கு வெளியே தினமும் ஐரிஷ் பேசும் கேல்தாக்ட் மக்கள் 2011 கணக்கெடுப்பில் 23,175 பேர். 2016-இல் 20,586. 2022-இல் 20,261. அதே 2022-இல் ஐரிஷ் தெரியும் என்று சொன்ன கேல்தாக்ட்வாசிகள் 65,156 பேர். தெரிந்தவர்களில் மூன்றில் ஒரு பங்குகூட தினமும் பேசவில்லை.

வாக்குச்சீட்டு மட்டும் மொழியைக் காப்பாற்றாது. ஆனால் நிலைமை இப்படி இருக்கும்போது, பேசுகிறவர்களையே முடிவெடுக்கும் மேசையிலிருந்து எழுப்பிவிடுவது எந்த விதத்தில் உதவும் என்பது எனக்கு இன்றுவரை விளங்கவில்லை.

2012 சட்டத்துல நல்லது ஒண்ணுமே இல்லையா?

இருக்கிறது. மொழித் திட்டமிடல் என்ற வேலையைச் சட்டப்படியே ஊர்களிடம் கொடுத்தது அந்தச் சட்டம்தான். கேல்தாக்டை 26 மொழித் திட்டப் பகுதிகளாகப் பிரித்தார்கள். ஒவ்வொரு பகுதியிலும் ஒரு உள்ளூர் அமைப்பு, பெரும்பாலும் பழைய கூட்டுறவுச் சங்கம், ஏழு ஆண்டுத் திட்டம் தயாரித்து நடத்தும். ஊதராஸ் உடன் நின்று உதவும். மொழி அலுவலர் ஒருவர் இருப்பார். இளைஞர் குழு, பெற்றோர் வகுப்பு, கடையில் ஐரிஷ் என்று சின்னச் சின்ன வேலைகள்.

கசப்பு என்னவென்றால், திட்டம் போடாத அல்லது நடத்தாத பகுதியின் கேல்தாக்ட் தகுதியையே அரசு பறிக்க அந்தச் சட்டம் வழி வைத்திருக்கிறது. பொறுப்பு ஊருக்கு, கேள்வி கேட்கும் உரிமை மட்டும் மேலே.

தேர்தல் திரும்ப வருமா?

2012-க்குப் பிறகு கேல்தாக்டில் இந்தக் கோரிக்கை அடங்கவே இல்லை. 2020-இல் அமைந்த கூட்டணி அரசு தன் திட்ட அறிக்கையிலேயே ஊதராஸ் தேர்தலை மீண்டும் கொண்டுவருவதாக எழுதிக் கொடுத்தது. 2024-இல் அதற்கான திருத்த மசோதாவை அரசு நாடாளுமன்றத்தில் வைத்தது. வாரியத்தின் பெரும்பாலான இடங்களை வாக்காளர்களிடம் திருப்பித் தருவது அதன் நோக்கம்.

ஏழாவது பதிலில் சொன்ன மூன்று காலகட்டங்களையும் நினைவில் வைத்துக்கொண்டு இனி வரும் செய்திகளைப் படியுங்கள். இடங்களின் மொத்த எண்ணிக்கையை விட, ரிங்குக்கும் ராத்கார்னுக்கும் தனி இடம் இருக்கிறதா என்பதை முதலில் பாருங்கள். நான் அதைத்தான் முதலில் பார்ப்பேன்.

வெளியூர்க்காரங்க குடிவந்து, ஐரிஷ் பேசாதவங்க ஓட்டு அதிகமாயிட்டா வாரியமே மொழிக்கு எதிரா போயிடாதா?

போகலாம், இந்தப் பயத்தை நான் தள்ளிவிட மாட்டேன். கால்வே நகரம் மேற்கே வளர்ந்து கேல்தாக்டுக்குள் புகுந்துவிட்டது. எல்லைக்குள்ளேயே ஆங்கிலம் மட்டும் பேசும் குடியிருப்புகள் இருக்கின்றன, அவர்களுக்கும் வாக்கு உண்டு. ஒரு தடுப்பு என்னவென்றால், ஊதராஸின் கூட்டமும் அலுவலும் ஐரிஷில் நடக்கின்றன. மொழி தெரியாத வேட்பாளர் அங்கே போய் உட்கார முடிந்தாலும் பேச முடியாது.

ஆனால் மக்களைக் கேட்டால் மொழி ஆர்வலர்கள் விரும்பும் விடையே வரும் என்று நினைக்க வேண்டாம். கெர்ரியின் டிங்கிள் ஊரைப் பாருங்கள். அது கேல்தாக்ட் ஊர். 2005-இல் அரசு ஆணையின்படி அதன் ஒரே அதிகாரபூர்வப் பெயர் ஆன் தாங்கன் என்றானது, டிங்கிள் என்ற பெயர் பலகையிலிருந்து போனது. உலகமெங்கும் டிங்கிள் என்ற பெயரைத் தேடி வரும் சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்கும் ஊர். ஆஃபலி கவுன்டியில் வேறொரு தாங்கன் வேறு இருக்கிறது. 2006-இல் தபால் வழியே ஊர் வாக்கெடுப்பு நடந்தது. வாக்களித்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கும் மேல் இரண்டு மொழிப் பெயரும் வேண்டும் என்றார்கள்.

ஐரிஷ் மட்டும் இருக்கட்டும் என்றே நான் விரும்பியிருப்பேன். ஆனாலும் அந்த ஊர்க்காரர்கள் சொன்னது தங்களைக் கேட்டிருக்க வேண்டும் என்பதைத்தான், அதைத் தவறென்று எப்படிச் சொல்வது? ஐந்து ஆண்டு கழித்து, 2011-இல், ஆங்கிலத்தில் டிங்கிள் என்றும் ஐரிஷில் தாங்கன் ஈ கூஷ் என்றும் பெயரைச் சட்டமே மாற்றிக் கொடுத்தது.